வடக்குப் பார் குதிரைக்காரன்

வலது காதுக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல இருந்தது கஸ்பாருக்கு. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடி தலையைச் சாய்த்து, உள்ளங்கையால் காதைத் தட்டினான். தண்ணீர் வடிந்தது. வலி வடியவில்லை. மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் கடலில் விழுந்து கரைந்தது.

"என்னல, ஏதாவது உண்டா?" மேலேயிருந்து சிலுவை கேட்டான்.

"மணல்தான் மச்சான். மணலும் ஒரு பழைய டயரும்."

"டயரு நல்லா இருந்தா எடுத்துட்டு வா. டீச்சரம்மா ஆராய்ச்சிக்கு ஆகும்."

பல்கீஸ் சிரிக்கவில்லை. அவள் டீச்சரும் இல்லை. பழங்காலக் கப்பல்களைப் பற்றிக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்பவள். கீழக்கரைக்காரி. மடியில் ஒரு கடல் வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். கஸ்பாரின் ஊரான முள்ளிக்கரையில், வலைகளில் இரண்டு காது வைத்த பழைய ஜாடியின் ஓடுகள் எங்கெங்கே சிக்கின என்று மீனவர்களைக் கேட்டுக் கேட்டுப் புள்ளி வைத்த படம் அது.

"என் படம் வடக்கைக் காட்டுது. நீங்க நாலு நாளா தெக்கையே சுத்துறீங்க" என்றாள்.

"படம் நீச்சல் அடிக்குமா? வடக்குப் பார்ல பாறைக்கு நடுவுல குழி கெடக்கு. நீரோட்டம் ஆளை உள்ள இழுத்துப் போடும். உங்க அப்பாவுக்கு நான் பதில் சொல்ல முடியாதும்மா!" என்று சொல்லிவிட்டுச் சிலுவை கயிற்றைச் சுருட்டினான். வள்ளம் அவனுடையது. அவன் சொன்னதுதான் திசை.

வள்ளத்தின் முனையில் கித்தேரி உட்கார்ந்திருந்தாள். சிலுவையின் தங்கை. கஸ்பாரின் அண்ணன் தொபியாஸின் மனைவி. மனைவியாக இருந்தவள் என்று ஊர் சொல்லும். மூன்று வருடத்துக்கு முன்னால் தொபியாஸ் சங்கு குளிக்க இறங்கினான். கயிறு பிடித்தது சிலுவை. முதல் முழுக்கிலேயே கயிறு பாறையில் அறுந்து ஆள் போய்விட்டான் என்று சொல்லி, அறுந்த கயிற்றோடு அவன் மட்டும் கரைக்கு வந்தான். தெற்குப் பார் என்ற கடலடிப் பாறையில் ஊரே தேடியது. உடம்பு கிடைக்கவில்லை.

பல்கீஸ் வள்ளம் வாடகைக்குக் கேட்டு வந்தபோது கித்தேரியும் கிளம்பிவிட்டாள். சோறாக்க என்று சொன்னாள். கஸ்பாரிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்: "உங்க அண்ணன் எலும்பு ஒண்ணு கெடைச்சாப் போதும், தம்பி. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுதிரி கொளுத்துது. நான் எந்தக் குழியில கொளுத்த?"

பல்கீஸுக்குப் புதையல் வேண்டும். கஸ்பாருக்கும் கித்தேரிக்கும் ஓர் எலும்பு வேண்டும். சிலுவைக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

*

வெயில் ஏறியதும் கொக்குத் தீவில் வள்ளத்தைக் கட்டினார்கள். தீவு என்றால் மணல், தாழம்புதர், ஒரு நல்ல தண்ணீர் ஊற்று, அவ்வளவுதான். ஊற்று மறுபக்கம் இருந்தது. சிலுவை குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

கித்தேரி மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். குனிந்து ஊதியபோது, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கிடந்த சுரூபப் பதக்கம் வெளியே விழுந்து ஆடியது. மஞ்சளாய் மின்னியது.

பல்கீஸ் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். "அக்கா, அது என்ன?"

"சந்தியாகப்பர் சுரூபம். குதிரை மேல இருக்காரு பாரு. அடியில இருக்கறது கோயில் வாசல். ரெண்டு பக்கமும் கொடி. எங்க அண்ணன் குடுத்தது."

"கழட்டிக் குடுக்கறீங்களா? ஒரு நிமிஷம்."

பல்கீஸ் அதை உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தாள். பித்தளைக்கு இந்தக் கனம் கிடையாது. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். முதலில் விளிம்பைச் சுற்றிப் பார்த்தாள். வார்த்துச் செய்த போலியாக இருந்தால் விளிம்பில் ஒட்டுக்கோடு ஓடும். இதில் இல்லை. மேலே கயிறு கோக்கிற வளையம் மட்டும் பின்னால் பற்றவைத்தது.

"இது கோயில் வாசல் இல்லக்கா. வெற்றி வளைவு. மேல குதிரையில இருக்கறது புனிதர் இல்ல, ராசா. ரெண்டு பக்கமும் நிக்கறது கொடியும் இல்ல. தோத்தவங்ககிட்ட பறிச்ச கேடயமும் ஈட்டியும். கம்புல மாட்டி வச்சிருக்காங்க."

"எந்த ஊரு ராசா?" கஸ்பார் காதைப் பொத்திக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"வளைவு மேல எழுத்து இருக்கு பாருங்க. டி பிரிட்டன்னு வாசிக்கலாம். பிரிட்டன் தீவைப் பிடிச்சதுக்கு அடிச்ச காசு. ரோமாபுரி ராசா கிளாடியஸ். தங்கம்!"

"நம்ம ஊருக்கு மந்திரி வந்தா ரோட்டுல வளைவு வைப்பாங்களே, அது மாதிரியா?"

"அதேதான். இவங்க கல்லுல வச்சாங்க."

கித்தேரிக்கு நம்பிக்கை வரவில்லை. "பின்பக்கம் பாரு புள்ள. வேதசாட்சி தலை. வாளால வெட்டுன தழும்பு தெரியுதுல்ல?"

பல்கீஸ் திருப்பினாள். இலைமாலை சூடிய தலை. காது மடலிலிருந்து கன்னம்வரை ஆழமான ஒரு வெட்டு.

"வாள் இல்லக்கா, உளி. நம்ம பக்கம் கெடைச்ச ரோமக் காசுல நிறைய இப்படி மூஞ்சியில வெட்டியிருக்கும். ஏன் வெட்டினாங்கன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க." அவள் குரல் வேகமெடுத்தது. "என் படம் பொய் சொல்லல! கப்பல் இந்தக் கடல்லதான் கெடக்கு! உங்க அண்ணன் இதை எங்க வாங்கினாரு?"

"திருவிழாக் கடையில. என் புருசன் போன மறு மாசம். அழுதுக்கிட்டே கெடக்கியே, சந்தியாகப்பர் துணை இருப்பாருன்னு சொல்லிக் கழுத்துல போட்டுவிட்டான்."

பல்கீஸ் மறுபடியும் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். எழுத்துகளின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ அடைந்திருந்தது. ஊசி முனையால் கிளறினாள். பொருக்காக உதிர்ந்தது.

கஸ்பார் அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். அதற்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. அவன் எடுக்கிற ஒவ்வொரு சங்கின் முதுகிலும் அது இருக்கும். கடல்புழு கட்டுகிற சுண்ணாம்புக் கூடு.

"இது கடைக்காசு இல்ல. கடலடியில இருந்து வந்தது" என்றான்.

சோறு பொங்கி வழிந்தது. யாரும் மூடியைத் திறக்கவில்லை.

"எங்க அண்ணன் கடல்ல எறங்கமாட்டான். சின்னதுலயே காது போனவன்" என்றாள் கித்தேரி மெதுவாக. "அவனுக்குக் குளிச்சுக் குடுத்தது உங்க அண்ணன் ஒரே ஆளுதான்."

"முதல் முழுக்குல போனவன் எப்படி மதினி காசு கொண்டு வந்து குடுப்பான்?"

அந்தக் கேள்வியை அவள் ஏற்கெனவே தனக்குள் கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. தொபியாஸ் மேலே வந்திருக்கிறான். காசைக் கையில் கொடுத்திருக்கிறான். மறுபடியும் இறங்கியிருக்கிறான்.

கஸ்பார் துடுப்பைத் தூக்கினான். "மண்டையைப் பொளந்துடறேன் அவனை!"

"கீழ வை! பொளந்தா எடம் தெரியுமா? அவரு எங்க கெடக்காருன்னு அவனுக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கிட்டு சோத்தைத் தின்னு. நாளைக்கு வடக்க போறோம்."

அதற்குள் சிலுவை குடத்தோடு வந்துவிட்டான். "என்ன, மூணு பேரும் பூசைக்கு நிக்கறாப்ல நிக்கறீங்க? சோறு தீயுது!"

கித்தேரி சுரூபத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். அண்ணனுக்கு மீன் தலையை எடுத்து வைத்தாள். அவனுக்கு அது பிடிக்கும்.

*

மறுநாள் விடிந்ததும் அவளே பேச்சை எடுத்தாள். "அண்ணே, வடக்குப் பாருக்கு விடு."

"கிறுக்கா உனக்கு?"

"நீங்க விடலேன்னா கரைக்குப் போய் வேற வள்ளம் எடுப்பேன்" என்றாள் பல்கீஸ்.

சிலுவை மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். வேறு வள்ளம் என்றால் வேறு கண்கள். துப்பிவிட்டு மோட்டாரை இழுத்தான்.

வடக்குப் பார் வெளியே தெரியாது. கடலுக்கு அடியில் நீளமாகப் படுத்திருக்கிற பாறை. அதன் ஓரத்தில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டே இருக்கும். நடுவில், கிணறு வெட்டியதுபோல ஒரு குழி. அதற்குள் போனவன் தானாக மேலே வர முடியாது. நீரோட்டம் அழுத்தும். மேலேயிருந்து கயிற்றால் தூக்க வேண்டும். நங்கூரம் போட்டார்கள். ஆள் கீழே இருக்கும்போது மோட்டார் ஓடக்கூடாது. அதை நிறுத்தினார்கள்.

கஸ்பார் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். வலைப்பையைத் தோளில் மாட்டினான். காலுக்குக் குளிகல்லை எடுத்தான். பாரமான அந்தக் கல்தான் ஆளை விறுவிறுவென்று அடிக்கு இறக்கும்.

சிலுவை வழக்கம்போலக் கயிற்றுக்குக் கை நீட்டினான். முள்ளிக்கரையில் குளிக்கிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். தகப்பன் அசந்துவிடுவான், அண்ணன் தம்பிக்குள் பங்குச் சண்டை இருக்கும், ஆனால் தங்கை தாலி தன் கையில் இருக்கிறது என்று மச்சான் கண் சிமிட்டாமல் பிடிப்பான் என்பது கணக்கு. அந்தக் கணக்கை நம்பித்தான் அந்த ஊரே கடலில் இறங்கியது.

கித்தேரி குறுக்கே வந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

"ஏட்டி, பொம்பள கயிறு பிடிச்ச வள்ளம் கரை சேருமா?"

"நீ பிடிச்ச கயிறு ஒண்ணு அறுந்துச்சுல்ல அண்ணே. இது என் முறை."

சிலுவை நீட்டிய கையை எடுத்துக்கொண்டான். கஸ்பார் மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தான். குதித்தான்!

*

பச்சை நீலமானது. நீலம் கறுத்தது. காதில் ஆணி மறுபடியும் இறங்கியது. பல்லைக் கடித்தான். குழியின் வாய் வந்தது. உள்ளே இழுத்த வேகத்தில் முழங்கை பாறையில் உரசித் தோல் கிழிந்தது.

அடியில் தண்ணீர் தெளிவாக இருந்தது. மணலுக்கு வெளியே ஒரு ஜாடியின் கழுத்து நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு காது. உடைந்த வயிற்றுக்குள்ளிருந்து காசுகள் சரிந்து கிடந்தன. தங்கம் துருப்பிடிக்காது. அவன் விரல் பட்டதும் மணல் விலகி, போன மாதம் போட்டவைபோல மின்னின.

அதற்கு அப்பால் பச்சை நைலான் கயிறு. பாறையைச் சுற்றிச் சுற்றிக் கிடந்தது. நீளமான கயிறு! அடியில் பாறை அறுத்திருந்தால் ஒரு முழத் துண்டுதான் இங்கே கிடக்கும். இது வள்ளத்திலிருந்து இங்கே எட்டுகிற அளவுக்குக் கிடந்தது. நுனியைத் தேடிப் பிடித்தான். பிசிறு இல்லை. கத்தி போட்ட வெட்டு.

மறுமுனையில் அண்ணன் இருந்தான். இடுப்பெலும்பில் வெள்ளி அரைஞாண் கறுத்துக் கிடந்தது. அம்மா போட்டது. கொக்கியில் ஒரு வளையம் தப்பாகப் பற்றவைத்திருக்கும். அப்படியேதான் இருந்தது.

நெஞ்சு இறுகத் தொடங்கியது. வலைப்பை ஒன்று. மூச்சு ஒன்று. இந்தக் குழியில் இரண்டாம் முறை இறங்க உடம்பில் தெம்பு இல்லை. ஜாடிப் பக்கம் அவன் திரும்பவில்லை என்று சொன்னால் பொய். திரும்பினான். பார்த்தான். கை ஒருதரம் போகவும் செய்தது. பிறகு தலையோட்டைப் பையில் வைத்தான். கையெலும்பு, காலெலும்பு, அரைஞாண், கயிற்றின் வெட்டு நுனி. கயிற்றைச் சுண்டி இழுத்தான்.

கயிறு அசையவில்லை.

*

மேலே காற்று திரும்பியிருந்தது. நங்கூரம் பிடி விட்டுவிட்டது! வள்ளம் பக்கவாட்டில் சரிந்து வெள்ளை நுரையை நோக்கிப் போனது. கித்தேரி காலை விளிம்பில் ஊன்றி இழுத்தாள். நீரோட்டம் எதிராக இழுத்தது.

"கித்தேரி, விட்டுரு! பார்ல மோதுனா நாலு பேரும் செத்தோம்!" சிலுவை இடுப்பிலிருந்து கத்தியை உருவினான்.

"கிட்ட வராத!"

"ஒரு ஆளுக்காக மூணு பேரு சாகணுமா? விடுட்டி!"

"இப்படித்தான் அறுத்தியா?"

"ஆமாட்டி! இப்படித்தான் அறுத்தேன்! அறுத்ததாலதான் நான் உசுரோட நிக்கேன்!"

அலையின் இரைச்சலிலும் அது தெளிவாகக் கேட்டது. கித்தேரி கயிற்றைத் தன் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். "அப்ப என்னையும் சேத்து அறு."

அவன் கை நின்றது. அந்த ஒரு நொடி போதும் பல்கீஸுக்கு. துடுப்பால் அவன் மணிக்கட்டில் ஓங்கி ஒரு போடு போட்டாள். கத்தி தண்ணீரில் விழுந்தது. அடுத்து அதே துடுப்பைப் பாறையில் முட்டுக்கொடுத்து நெஞ்சால் அழுத்தினாள். துடுப்பு வில்லாக வளைந்தது.

"இழுங்கக்கா! இழுங்க!"

கித்தேரி இழுத்தாள். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. இழுத்தாள். கஸ்பாரின் தலை வெளியே வந்தபோது அவன் உதடு நீலமாக இருந்தது. வள்ளம் ஒருதரம் பாறையில் இடித்தது. பலகை விரிந்து தண்ணீர் உள்ளே பீறிட்டது. இருமிக்கொண்டே ஏறிய கஸ்பார் மோட்டார் கயிற்றைப் பிடித்து இழுத்தான். உறுமி அணைந்தது. மறுபடியும் இழுத்தான். பிடித்துக்கொண்டது! வள்ளம் நுரையை உதறிவிட்டு வெளியே பாய்ந்தது.

*

அமைதியான தண்ணீருக்கு வந்ததும் கஸ்பார் வலைப்பையை மதினியின் மடியில் வைத்தான். அவள் அரைஞாணைத் தொட்டாள். அழவில்லை. கயிற்றின் வெட்டு நுனியை எடுத்து அண்ணன் முன்னால் போட்டாள்.

சிலுவை அடிபட்ட மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேசினான். "முதல் முழுக்குல காசோட வந்தான். ஜாடி முழுக்க இருக்கு மச்சான், இனி நம்ம ரெண்டு பேரும் வெறுங்காலோட நடக்க வேண்டாம்னு சிரிச்சான். திரும்ப எறங்குனான். நங்கூரம் விட்டுச்சு. இன்னைக்கு மாதிரியேதான். பயந்துட்டேன் கித்தேரி. அறுத்துட்டேன்."

"பயந்து அறுத்தே. சரி. தெக்க ஏன் காட்டினே?"

அவன் தண்ணீர் இறைக்கிற சட்டியைப் பார்த்தான்.

"கேக்கறேன்ல. ஊரே தெக்க தேடுச்சே, ஏன்?"

"வடக்கைச் சொன்னா... ஜாடி எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

கஸ்பார் எழுந்தான். கித்தேரி கையைக் காட்டி உட்கார வைத்தாள்.

"அன்னைக்கே வடக்க தேடியிருந்தாலும் உசுரு இருந்திருக்காது" என்றான் சிலுவை.

"இருந்திருக்காது. ஒடம்பு இருந்திருக்கும். நான் கட்டிப்பிடிச்சு அழுதிருப்பேன்." அவள் கழுத்துக் கயிற்றை இழுத்து அறுத்தாள். "என் புருசன் கடைசியா எடுத்த காசுக்குச் சந்தியாகப்பர் வேசம் கட்டி என் கழுத்துலயே போட்டிருக்க. மூணு வருசமா இதைப் பிடிச்சுக்கிட்டு உனக்காகவும் வேண்டினேன். அண்ணனை நல்லா வையும்னு."

காசைப் பல்கீஸிடம் கொடுத்தாள். அதன்பிறகு கரை வரும்வரை தண்ணீரை மாறி மாறி இறைத்தார்கள். சிலுவையும் இறைத்தான்.

*

முள்ளிக்கரைக் கோயிலில் துக்க மணி அடித்தார்கள். சிறிய பெட்டிதான், ஆனால் ஊரே பின்னால் நடந்தது. கித்தேரிக்கு ஒரு குழி கிடைத்தது. மெழுகுதிரி கொளுத்தினாள்.

பல்கீஸ் கலெக்டருக்கு எழுதினாள். அரசாங்க முக்குளிப்பாளர்கள் காற்றுக் குழாயோடு வந்து ஜாடியைத் தூக்கினார்கள். பெரும்பாலும் அதே வளைவு, அதே குதிரைக்காரன், எல்லா ராசாக்களின் கன்னத்திலும் அதே உளி வெட்டு. ஊர்ப்பிள்ளைகள் பஸ் பிடித்துப் போய் அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு வந்தார்கள். கஸ்பாருக்கு வலது காது போய்விட்டது. இப்போது வலைக்குப் போகிறான். முள்ளிக்கரையில் கயிறு பிடிக்க உறவு பார்ப்பதை விட்டுவிட்டார்கள். கையின் பலத்தைப் பார்க்கிறார்கள். இரண்டு பேர் பிடிக்கிறார்கள், அதில் பெண்களும் உண்டு.

சிலுவை மேல் வழக்கு நடக்கிறது. ஜாமீனில் வந்திருக்கிறான். வள்ளத்தை விற்றுவிட்டான். ஒருநாள் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"கோர்ட்டு என்ன குடுக்குதோ வாங்கிக்கறேன்" என்றான். "உனக்கு என்ன தரணும்னு நீ சொல்லு. எதுன்னாலும் தந்து தீத்துடறேன்."

கித்தேரி அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"ஒரு ஆளு தரணும் அண்ணே. தொபியாஸுன்னு பேரு. உன்னை நம்பி எறங்குனவன்."

அவன் திரும்பிப் போனான். சிலுவை தன் தங்கைக்கு ஓர் ஆள் தர வேண்டும். இன்றுவரை தரவில்லை.